100 வோல்ட் செட்டை நம்ம ஊர் கரண்டில் ஓட்டுவது எப்படி

பர்மா பஜார் பக்கமோ மூர் மார்க்கெட் பக்கமோ ஒரு பழைய சான்சுய் ஆம்ப்ளிஃபயர், அல்லது அகாய் ஸ்பூல் டெக் (சுருள் நாடா டேப் ரெக்கார்டர்), கண்ணில் பட்டு விலையும் படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் "ஒரு ஸ்டெப் டவுன் போட்டா ஓடிடும்ணே" என்று சொல்லியிருப்பார். அது பாதிதான் உண்மை. ஸ்டெப் டவுன் வோல்டேஜைக் குறைக்கும், அவ்வளவுதான். வினாடிக்கு 50 முறை ஆடுகிற நம்ம கரண்டை அது 60 ஆக்கித் தராது. அதோடு கடையில் கிடைக்கிற ஸ்டெப் டவுன் 110-க்குக் கட்டியது, உங்கள் கையில் இருக்கிற ஜப்பான் செட்டோ 100-க்குச் செய்தது. பத்து வோல்ட் தானே என்று விடுகிற இடத்தில்தான் நிறைய நல்ல செட்டுகள் செத்துப்போகின்றன.

அதனால் முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். துரு, அழுக்கு, பழைய விலைச் சீட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் படியுங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ் (கரண்ட் வினாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பது), வாட் என்று மூன்று எண்கள் இருக்கும், மூன்றும் வேண்டும். இங்கிலாந்து செட் என்றால் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நமக்கு ஒரு வேலையும் இல்லை. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சூட்கேஸில் வந்தவையும் பெரும்பாலும் அப்படியே ஓடும். அமெரிக்கா என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சவூதியில் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே வீடுகளில் 127 வோல்ட் வெகுகாலம் இருந்தது, ஹெர்ட்ஸ் இன்றைக்கும் 60. மண்ணடியில் யார் வீட்டுப் பரணிலிருந்தாவது ஒரு சவூதி செட் இறங்கினால், பின்னால் வோல்டேஜை மாற்றுகிற செலக்டர் 220-இல் நிற்கிறதே என்று நிம்மதியாகிவிடாமல் உள்ளே மோட்டார் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜப்பான் ஒரு தனிக் கதை. வோல்டேஜ் நாடு முழுக்க 100, ஹெர்ட்ஸ் மட்டும் இரண்டு. 1890களில் டோக்கியோ ஜெர்மன் ஏ.இ.ஜி. கம்பெனியின் 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர்களை வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக்கின் 60 ஹெர்ட்ஸ் மெஷின்களை வாங்கியது, அந்தப் பிரிவு இன்றுவரை அப்படியே நிற்கிறது. இதனால் நமக்கு ஒரு லாபம் உண்டு. உள்நாட்டுக்கென்று செய்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று சேர்த்தே போட்டிருக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் 50-ஐத் தாங்குகிற மாதிரியே கட்டியிருப்பார்கள். அதற்கு வோல்டேஜ் மட்டும் சரியாகக் கொடுத்தால் போதும்.

வாங்குவதற்கு முன்னால் இன்னொன்று. ரேடியோ சேர்ந்த ஜப்பான் உள்நாட்டு ரிசீவர் என்றால் எஃப்எம் டயலைப் பாருங்கள், 76-இல் ஆரம்பித்து 90-இல் முடிந்திருக்கும். சென்னையில் மிர்ச்சி 98.3, ரெயின்போ 101.4, ஹலோ 106.4. எதுவும் கிடைக்காது, எந்த டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் கிடைக்காது. ஆம்ப்ளிஃபயராக மட்டும் பயன்படுத்தப் போகிறேன் என்றால் அந்தக் குறையைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

சரி, வோல்டேஜ்.

ஏற்றுமதிக்குச் செய்த மாடல்களில் பின்னால் 110, 120, 220, 240 என்று ஒரு செலக்டர் இருக்கும். சிலவற்றில் திருகுகிற மாதிரி, சிலவற்றில் பிடுங்கித் திருப்பிச் சொருகுகிற மாதிரி. இருந்தால் 240-இல் வையுங்கள், 220-இல் வேண்டாம். நம்ம லைன் பெயருக்கு 230, ஆனால் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள், எங்கள் பக்கம் 245 சாதாரணமாகக் காட்டும். செலக்டரைத் திருப்பும் முன் அதன் காண்டாக்டைச் சுத்தம் செய்யுங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று பட்டுப் பட்டுப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பாதி பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிற செலக்டர் சூடாகி உருகும்.

110-லிருந்து 240-க்கு மாற்றினால் ஃபியூஸையும் மாற்ற வேண்டும். அதே வாட்டுக்கு இப்போது பாதி ஆம்பியர்தான் ஓடும், ஆகவே 4 ஆம்பியர் இருந்த இடத்தில் 2 ஆம்பியர், அதுவும் மெதுவாகப் போகிற ஸ்லோ பிளோ வகை. அப்புறம் பலரும் கவனிக்காத ஒன்று. பவர் சுவிட்சுக்குக் குறுக்கே, பொறியை அடக்க, ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். 100 அல்லது 120 வோல்ட் செட்டில் அது 125 வோல்ட் ஏசிக்கான சரக்காக இருக்கலாம். 240-ஐக் கொடுத்தால் சில நாள் ஓடிவிட்டு ஒரு நாள் டப்பென்று வெடிக்கும். எக்ஸ்2 என்று அச்சடித்த 275 வோல்ட் ஏசி கெப்பாசிட்டராக அதே மதிப்பில் போடுங்கள், விலை சொற்பம்.

செலக்டர் இல்லாவிட்டாலும் சில டிரான்ஸ்ஃபார்மர்களில் பிரைமரி, அதாவது மெயின்ஸ் பக்கத்துக் கம்பிச் சுற்று, இரண்டாக இருக்கும். 120-க்கு இரண்டையும் பேரலலாகவும் 240-க்கு சீரிஸாகவும் இணைப்பார்கள். சர்வீஸ் மேனுவலில் வயர் கலர் போட்டிருக்கும். மேனுவல் இல்லாமல் ஊகத்தில் செய்யாதீர்கள், ஏனென்றால் ஒரு சுற்று தலைகீழாக மாட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, டிரான்ஸ்ஃபார்மர் வெறும் கம்பி மாதிரி ஆகிவிடும், ஷார்ட்டுக்குச் சமம். எப்படி இணைத்தாலும் முதல் முறை கரண்ட் கொடுப்பது 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு மினுக்கு மினுக்கி மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிடுங்குங்கள்.

பிரைமரி ஒரே சுற்று, 100 வோல்ட் மட்டும் என்றால் செட்டைத் தொடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரை அவிழ்த்து ரீவைண்ட் செய்து தருகிறேன் என்பவர்கள் உண்டு. என் கருத்தில் அது கடைசி வழி, எரிந்துபோனால் மட்டும். ஒரிஜினல் மாதிரி கட்டுவது எளிதல்ல, பாதிப் பேர் இரைச்சலைத் தடுக்கிற ஷீல்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அப்புறம் ஆயுளுக்கும் 'உம்ம்' என்று இரைச்சல். வெளியில் ஒரு பெட்டி வையுங்கள், அதற்குள் 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்.

ஏன் 110 பெட்டி கூடாது என்று கேட்டால், கணக்கு இதுதான். அது 230-க்கு 110 தரும். லைன் 245 ஆனால் 117 தரும். 100 எதிர்பார்க்கிற செட்டுக்கு அது 17 சதவீதம் கூடுதல். உள்ளே 35 வோல்ட் இருக்க வேண்டிய லைனில் 41 நிற்கும், அங்கே 40 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் அதற்கு நாள் எண்ண வேண்டியதுதான். வால்வு ஆம்ப்ளிஃபயரில், வால்வைச் சூடாக்குகிற 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.4 போகும், கிடைக்காத வால்வை அப்படி எரித்துத் தள்ள யாருக்கு மனசு வரும்? மே மாதத்துச் சென்னையில் ஏற்கெனவே கொதிக்கிற செட்டுக்கு இது வேறு.

ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் கட்டுகிறவரிடம் போய் ஆர்டர் கொடுங்கள். ரிச்சி தெருவில் ரெடிமேட் கிடைக்கும்தான், ஆனால் வண்ணாரப்பேட்டை, மண்ணடி என்று விசாரித்தால் சொன்னபடி கட்டித் தருகிறவர் கிடைப்பார். வாயால் சொல்லாமல் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: பிரைமரியில் 230-க்கு ஒன்று, 250-க்கு ஒன்று என இரண்டு டேப் (சுற்றிலிருந்து வெளியே எடுக்கிற இணைப்பு), செகண்டரி, அதாவது செட் பக்கத்துச் சுற்று, 100, அதில் 110-க்கும் 120-க்கும் டேப், பிரைமரியும் செகண்டரியும் தனித்தனிச் சுற்று, நடுவில் செப்புத் தகட்டு ஷீல்டு, அதிலிருந்து எர்த்துக்கு ஒரு வயர். தனிச் சுற்று என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செலவு குறைய ஒரே சுற்றில் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மராகக் கட்டிவிடுவார்கள், அதில் செட்டுக்கும் மெயின்ஸுக்கும் நடுவே தடுப்பே இருக்காது. செப்புக் கம்பிதானா, அலுமினியமா என்று கேளுங்கள். கேட்கிற ஆள் என்று தெரிந்தாலே சரக்கு மாறும். கட்டி முடித்ததும் வார்னிஷில் ஊறவைத்து, காயவைத்துத் தரச் சொல்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். வார்னிஷ் பிடிக்காத ஸ்டாம்பிங் தகடுகள் அதிர்ந்து பாட்டை விட அதிகமாகப் பாடும்.

எத்தனை விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மர் தாங்குகிற அளவு)? தகட்டில் உள்ள வாட்டைப்போல இரண்டு மடங்கு. 200 வாட் ரிசீவருக்கு 400, இன்னும் கொஞ்சம் தாராளமாக 500. டர்ன்டேபிளுக்கு 50 போதும், அதற்கு மேல் வீண் செலவு.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல 110 பெட்டி சும்மா கிடக்கிறது என்றால் அதையும் பயன்படுத்த வழி உண்டு. சாதாரண 12 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி, அதன் பிரைமரியை 230-இல் கொடுத்து, 12 வோல்ட் சுற்றை 110 லைனில் சீரிஸாக, எதிர்த்து நிற்கிற மாதிரி போட்டால் 98 வரும். 200 வாட் செட் இழுப்பது 2 ஆம்பியர்தான், ஆகவே 3 ஆம்பியர் சுற்று தாங்கும். திருப்பி மாட்டினால் கழிவதற்குப் பதிலாகக் கூடி 122 ஆகிவிடும். அதனால் மீட்டரில் பார்த்த பிறகே செட்டைச் சொருகுங்கள். இதையெல்லாம் மூடிய பெட்டிக்குள் செய்யுங்கள், மேசைமேல் விரித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகிற, உள்ளங்கை அளவுப் பயணக் கன்வர்ட்டரை மட்டும் எந்த ஆடியோ செட்டுக்கும் கொடுக்க வேண்டாம். அது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி அலையை நறுக்குகிற சாமான், இஸ்திரிப் பெட்டிக்குச் சரி.

அமெரிக்க செட்டில், தகட்டில் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று இருந்தால், மோட்டாரே இல்லாத ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும் ஹெர்ட்ஸ் கணக்கில் வரும். டிரான்ஸ்ஃபார்மர் கோர் எவ்வளவு காந்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் ஒப்பிடலாம். 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. அதே 120-ஐ 50-இல் கொடுத்தால் 2.4, கோர் திணறி, சூடாகி, முனகும். 100 கொடுத்தால் மறுபடி 2. ஆக ஜப்பான் செட்டுக்குக் கட்டிய அதே 100 வோல்ட் பெட்டி இதற்கும் பொருந்தும். சத்தம் குறையாதா என்றால், கணக்குப்படி வாட் முப்பது சதவீதம் குறையும், காதுக்கு அது 1.6 டெசிபல், அதாவது வால்யூமைத் துளி திருப்பினால் தீர்ந்தது. வால்வு செட்டில் மட்டும் 100 கொடுத்தால் ஹீட்டருக்கு 5.25 தான் போகும், அது ரொம்பக் குறைவு. 110 டேப்பில் வைத்தால் 5.8 கிடைக்கும், அது பரவாயில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரில் கை வையுங்கள். வைத்த கையை எடுக்கத் தோன்றாத சூடு என்றால் விடலாம்.

அமெரிக்காவின் சின்ன ஐந்து வால்வு ரேடியோக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 12பிஇ6, 12பிஏ6, 12ஏவி6, 50சி5, 35டபிள்யூ4 என்று வால்வுகள் இருந்தால், அந்த முதல் எண்களைக் கூட்டுங்கள், 121 வரும். ஹீட்டர்களை வரிசையாகக் கோத்து நேராக மெயின்ஸில் மாட்டியிருக்கிறார்கள், டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, உள்ளே இருக்கிற இரும்புச் சட்டமான சேஸிஸே ஃபேஸாக, தொட்டால் ஷாக் அடிப்பதாக, இருக்க வாய்ப்புண்டு. இதைத் தனிச் சுற்று டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓட்டவே கூடாது, 'பாதுகாப்புக்கு' என்று சேஸிஸை எர்த் செய்வதும் கூடாது.

இனி மோட்டார். ஹெர்ட்ஸ் பிரச்சினை காதில் நேராக விழுகிற இடம் இதுதான். டிசி மோட்டார் இருக்கிற டெக்குகளுக்குக் கவலையே இல்லை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி டைரக்ட் டிரைவ், பிற்காலத்துக் கேசட் டெக்குகள் பெரும்பாலும், எல்லாம் உள்ளே டிசி. நேராக மெயின்ஸில் மாட்டிய ஏசி மோட்டார் இருப்பவைதான் மெயின்ஸின் ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடும். 60-க்குச் செய்த டர்ன்டேபிள் இங்கே 33⅓-க்குப் பதில் 27.8 சுற்று சுற்றும். மூன்று ஸ்வரஸ்தானத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுருதி இறங்கும். 5 கட்டையில் பாடிய அம்மா 3 கட்டைக்குக் கீழே போய், யாரோ ஆண் பாடுகிற மாதிரிக் கேட்பார். (மெயின்ஸை எண்ணி ஓடுகிற பழைய கடிகார ரேடியோவும் இதே கதைதான், மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.)

முதலில் மோட்டாரின் புல்லியை, பெல்ட் ஓடுகிற சின்ன உருளையை, பாருங்கள். பல ஜப்பான் ஸ்பூல் டெக்குகளில் புல்லியில் 50-க்கு ஒரு படி, 60-க்கு ஒரு படி இருக்கும். பெல்ட்டை மாற்றிப் போட்டு, மோட்டார் கெப்பாசிட்டரை மேனுவல் சொல்கிற 50 ஹெர்ட்ஸ் மதிப்புக்கு மாற்றினால் வேலை முடிந்தது. கேரார்ட் 301, தோரன்ஸ் டிடி 160 போன்றவற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தனியாகவே உண்டு. லென்கோ எல்75-இல் அதுவும் வேண்டாம், கூம்பு ஷாஃப்டின் மேல் சக்கரத்தை நகர்த்தி வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

புல்லி கிடைக்காவிட்டால் கடைய வேண்டியதுதான், அதற்கு வடசென்னையை விட நல்ல இடம் இல்லை. வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை இல்லாத தெருவைத் தேட வேண்டியிருக்கும். கணக்கு 6-க்கு 5, அதாவது 1.2 மடங்கு விட்டம். ஆனால் பெல்ட் கனத்தையும் சேர்த்தே பெருக்க வேண்டும். பழைய புல்லி 10 மில்லிமீட்டர், பெல்ட் 0.8 என்றால், 10.8-ஐ 1.2-ஆல் பெருக்கி 0.8-ஐக் கழியுங்கள், 12.16 வரும். வெறுமனே 12 என்று கடைந்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் வேகம் குறையும், சுருதி பிடித்துக் கேட்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பித்தளையில் கடையச் சொல்லுங்கள். உள் துளையையும் வெளிப்பக்கத்தையும் ஒரே செட்டிங்கில், வேலையைக் கழற்றி மாட்டாமல் முடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மையம் தப்பி, நீட்டிப் பிடித்த ஸ்வரமெல்லாம் ஊசலாடும். தட்டைப் பெல்ட் என்றால் புல்லியின் நடுப்பகுதி லேசாகக் குவிந்திருக்க வேண்டும், அப்போதுதான் பெல்ட் ஓரத்துக்கு நகராமல் நடுவில் நிற்கும். மாதிரிக்குப் பழைய புல்லியோடு மோட்டாரையும் எடுத்துப் போங்கள். பெரிய பெரிய ஷாஃப்ட் கடைகிற பட்டறையில் இந்தச் சுண்டைக்காய் சைஸைப் பார்த்து முதலில் சிரிப்பார்கள், அப்புறம் மைக்ரோமீட்டரை எடுப்பார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கை வந்தவர்கள் டர்ன்டேபிளைத் தொடாமலே முடிக்கலாம். ஆர்டுயினோ மாதிரி ஒரு சின்ன போர்டில் 60 ஹெர்ட்ஸ் சைன் அலை உண்டாக்கி, எல்எம்3886 போன்ற ஆம்ப்ளிஃபயர் ஐசியில் பெருக்கி, 230-க்கு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் போட்டு அதன் 24 வோல்ட் பக்கத்தில் 12 வோல்ட் கொடுத்தால், மறுபக்கம் 115 வோல்ட் வரும். டர்ன்டேபிள் மோட்டார் இழுப்பது பதினைந்து வாட்டுக்குள்தான், எளிதில் ஓடும். 81 ஹெர்ட்ஸ் கொடுத்தால் பெல்ட்டை மாற்றாமலே 45 சுற்று. லைன் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் மோட்டாருக்குத் தெரியாது. எனக்கு இதுதான் பிடித்த வழி, ஆனால் வீட்டு இன்வெர்ட்டரை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் மோட்டார் உறுமும்.

வேகத்தைச் சரிபார்க்க ஸ்ட்ரோப் வட்டம் போதும். அது கோடு போட்ட வட்டம், மெயின்ஸில் எரியும் விளக்கின் கீழ், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நிற்பதுபோலத் தெரியும். 33⅓-க்கு 50 ஹெர்ட்ஸில் 180 கோடுகள், 60-க்கு 216. அமெரிக்க டர்ன்டேபிளின் தட்டில் 216 கோடு வரிசை மட்டும் இருந்தால் அது இங்கே உங்களை ஏமாற்றும், கோடு நிற்பதாகக் காட்டும்போது வேகம் தப்பாக இருக்கும். இன்னொரு நுணுக்கம், மெயின்ஸில் எரியும் நியான் விளக்கும் மெயின்ஸில் ஓடும் மோட்டாரும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால், லைனின் ஹெர்ட்ஸ் குறைந்தாலும் கோடுகள் அசையாமல் நிற்கும். 2013 டிசம்பர் 31-இல் தென்னக மின் தொகுப்பை நாட்டின் மற்றப் பகுதியோடு இணைக்கும் வரை இங்கே ஹெர்ட்ஸ் நன்றாகவே தள்ளாடியது, ஸ்ட்ரோப் மட்டும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அந்தத் தொல்லை குறைவு. சந்தேகம் இருந்தால் செல்போனைத் தட்டின் மேல் வைத்து ஆர்பிஎம் ஆப்பில் பாருங்கள்.

எல்லாம் முடிந்து அடுக்கி வைக்கும்போது பின்பக்கத்து ஏசி அவுட்லெட்டை மறக்காதீர்கள். பழைய ரிசீவர்களில் டர்ன்டேபிளைச் சொருகவென்று தட்டையான இரண்டு துளை சாக்கெட் இருக்கும். பெரும்பாலும் அது செட்டுக்குள் வரும் மெயின்ஸையே அப்படியே வெளியே தரும். செலக்டரை 240-க்கு மாற்றிய செட்டில் அங்கேயும் 240 தான் நிற்கும், 100 வோல்ட் டர்ன்டேபிளை அதில் சொருகினால் மோட்டார் அன்றைக்கே போய்விடும். அதில் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். நம்ம சுவர் யூனிவர்சல் சாக்கெட்டும் தட்டைப் பின்னை ஏற்றுக்கொள்ளும் என்பதால், 100 வோல்ட் செட்டின் வயரில் பிளக்குக்குப் பக்கத்திலேயே பெரிதாக '100' என்று எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டுங்கள், வீட்டைக் கூட்டும்போது கழற்றிவிட்டுத் திரும்பச் சொருகுபவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.